கழுதை ரெக்கார்டின் மூன்றாம் பக்கம்

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் நங்கூரத் தெருவில் ஓர் இசைத்தட்டுக்கு மூன்று பக்கங்கள் இருந்தன என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அது தெரிய வந்தது, தெரு அதற்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். சண்டை வந்ததெல்லாம் அந்த மூன்றாம் பக்கம் யாரைச் சேரும் என்பதில்தான். கொரைரா வீட்டு அண்ணன் தம்பிகளைச் சேருமா, அல்லது பாகப்பிரிவினையில் ஒன்றும் கிடைக்காத அவர்கள் தங்கை எமரன்சியாளைச் சேருமா என்பதில்தான்.

அவர்களுடைய அப்பா சவரிராயன் கொரைரா கப்பலில் எஞ்சின் அறையில் கிரீஸ் போட்டவர். மற்றவர்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்கிச் சோப்பும் சென்ட்டும் வாங்கி வந்தபோது இவர் ரெக்கார்டு வாங்கி வந்தார், அதுவும் பெரிய அளவு ரெக்கார்டு, அதுவும் ராக். தெருவில் யாருக்கும் அந்தக் குழுக்களின் பெயர் வாயில் நுழையாததால் உறையில் போட்டிருந்த படத்தை வைத்தே பெயர் சொன்னோம். ஏணியில் ஏறுகிற மீன் போட்டது மீன் ரெக்கார்டு, தீப்பெட்டிக்குள் பாதிரியார் படுத்திருப்பது தீப்பெட்டி ரெக்கார்டு. கழுதை ரெக்கார்டின் உறையில் நடுக்கடலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு கழுதை, கழுதையின் கையில் ஒரு குடை. அந்தக் கழுதைக்குக் கை இருந்தது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் துறைமுகத்தில் டாலி போட்டவன். கப்பலில் ஏறுகிற மூட்டையை எண்ணுவது என் வேலை. நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. எட்டாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராது, எண்ண வரும். பாட்டையும் நான் எண்ணித்தான் கேட்பேன். சினிமாப் பாட்டு பெரும்பாலும் மூன்றிலோ நான்கிலோ போய்ச் சமர்த்தாக முடிந்துவிடும். கோயில் மேளத்தில் ஐந்தும் ஏழும் உண்டு, ஆனால் தொடங்கிய கணக்கை அவர்கள் கைவிடுவதில்லை. இந்த ராக்காரர்கள் அப்படியில்லை. ஏழு என்று பிடித்து நிம்மதியாக இருக்கும்போது பதினொன்றுக்குப் போய்விடுவார்கள், சொல்லாமல் திரும்பி வருவார்கள், வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். முதன்முதலாக சவரிராயன் வீட்டு வாசலில் கழுதை ரெக்கார்டைக் கேட்டபோது டிரம்காரன் நான்கு நிமிர்ந்த அடியும் ஒரு குறுக்கடியுமாகப் போட்டுக்கொண்டிருந்தான். கடலுக்கு அந்தக் கரையில் எவனோ ஒருவன் என் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான் என்று தோன்றியது. அன்றிலிருந்து விடவில்லை.

கப்பலில் வயர்லெஸ் பார்த்த ஒருவர் இந்த வகைக்குப் பெயர் புரோகிரசிவ் என்று சொன்னார். அதைக் கேட்ட எங்கள் சங்கச் செயலாளர், முற்போக்கு என்றால் நம்முடைய பாட்டுதானே என்று மீன் ரெக்கார்டை இரவல் வாங்கிப் போய் மே தின ஊர்வலத்தில் போட்டுவிட்டார். ஊர்வலம் கிளம்பிப் பழைய கஸ்டம்ஸ் கட்டடம் வரை போயும் பாட்டில் ஒரு சொல் வரவில்லை, வெறும் ஆர்கன். தோழர்கள் கையை உயர்த்தியபடியே நடந்தார்கள், எந்த இடத்தில் இறக்குவது என்று தெரியாமல். திருப்பிக் கொடுக்க வந்த செயலாளர், முற்போக்குதான், ஆனால் ரொம்ப முன்னால் போய்விட்டது என்று சொன்னதாக ஞாபகம்.

எனக்கு இந்த ஆல்பங்களில் பிடித்தது அவற்றின் நீளம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருமுவதற்குக் கூட இடம் விடமாட்டார்கள். கழுதை ரெக்கார்டு முழுவதும் ஒரே பாட்டு; தட்டில் இடம் போதாததால் நடுவில் வெட்டி இரண்டு பக்கத்தில் வைத்திருந்தார்கள். முதல் பக்கம் ஒரு கிட்டார் ஒலி மேலே ஏறிக்கொண்டே போய், ஏறின இடத்தில் நின்றுவிடும். இரண்டாம் பக்கம் மேலிருந்து இறங்கி வரும். நடுவில் ஒருவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்புகிற அந்த நேரமும் பாட்டில் சேர்த்தி என்றுதான் நான் நினைக்கிறேன். சவரிராயன் இருந்த வரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூத்தவர் பர்னபாஸ் முதல் பக்கத்தை வைப்பார், இளையவர் லாசர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போடுவார், அது முடிகிற நேரத்துக்கு எமரன்சியாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டு வருவாள், தட்டு உறைக்குள் போய்விடும். இன்னொரு தடவை திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. திருப்பினால் முதல் பக்கம்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சவரிராயன் இறந்த மறு வருஷம் வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது, கிழக்குப் பக்கம் பர்னபாஸுக்கு, மேற்குப் பக்கம் லாசருக்கு. எமரன்சியாளுக்குக் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவள் எதிர்ச்சாரியில் புருஷன் வீட்டில் இருந்தாள், பாகம் கேட்டு வரவில்லை. ரெக்கார்டுகளை ஆளுக்கு இருபதாகப் பிரித்ததில் கழுதை ரெக்கார்டு ஒன்று மிஞ்சியது. அண்ணன் விடமாட்டேன் என்றார், தம்பி விடமாட்டேன் என்றார். ஊர்க் கமிட்டித் தலைவர் மிக்கேல் மோத்தா இரண்டு நாள் யோசித்து, வீட்டைப் பக்கம் பார்த்துத்தானே பிரித்தோம், இதற்கும் பக்கம் இருக்கிறதே என்று தீர்ப்புச் சொன்னார். ஏ பக்கம் பர்னபாஸுக்கு, பி பக்கம் லாசருக்கு. தட்டு வாரம் ஒரு வீட்டில் இருக்கும். ஒருவர் பாகத்தை மற்றவர் தொடக்கூடாது, அதாவது போட்டுக் கேட்கக்கூடாது. இருவரும் மாதா கோயில் வாசலில் சத்தியம் செய்தார்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்தச் சத்தியத்தை இரண்டு பேரும் பதினொரு வருஷம் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள்.

சுவர் எழும்பின பிறகு அவர்களுக்குள் பேச்சு இல்லை. சனிக்கிழமைதோறும் தட்டைக் கிழக்கு வாசலிலிருந்து வாங்கி மேற்கு வாசலில் கொடுக்க, வாயாடாத ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னை வைத்தார்கள். வெயில் படாமல் துண்டில் சுற்றிக் கொண்டு போவேன். கொண்டுபோன வீட்டில் உட்கார்ந்து அவரவர் பக்கத்தைக் கேட்டுவிட்டு வருவேன். பர்னபாஸ் வீட்டில் கிட்டார் ஏறிப் போய் அந்தரத்தில் நிற்கும், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லாசர் வீட்டில் எங்கிருந்தோ பாட்டு இறங்கி வரும், எங்கிருந்து என்று கேட்கிற மாதிரி அவரும் கூரையைப் பார்ப்பார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு கார்த்திகையில் விடாமல் மழை அடித்தது. மேற்குப் பக்கம் தாழ்வு. லாசர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தட்டை இந்த வாரம் வேறெங்காவது வைத்திரும் என்று சொல்லிவிட்டார். என் வீடு ஒழுகும். தெருவில் உயரமான வீடு எமரன்சியாளுடையது. அவள் புருஷன் கப்பலை இழுத்து வருகிற டக் போட்டில் வேலை செய்தவன், யாரோ கழித்துப்போட்ட பிளேயர் ஒன்றை வாங்கிச் சரிசெய்து வைத்திருந்தான். போடுவதற்குத்தான் ரெக்கார்டு இல்லை. துண்டோடு கொடுத்துவிட்டு வந்தேன். மழை விட்ட பிறகு வாங்கப் போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் சரியில்லை.

“அண்ணாச்சி, அண்ணமாரு ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கிட்டாங்க, சரி. மூணாவதை எதுக்கு மறைச்சு வச்சாங்க?”

இரண்டுதானே உண்டு என்று சொன்னேன். அவள் உள்ளே போய்த் தட்டை வைத்தாள். முதல் பக்கம் ஏறிப்போய் நின்றது. திருப்பினாள், இரண்டாம் பக்கம் இறங்கி வந்து முடிந்தது. ஒரே உட்காரலில் இரண்டையும் நான் கேட்டுப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மறுபடியும் திருப்பினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சாதாரணமாகத்தான் திருப்பினாள், தோசையைத் திருப்புகிற மாதிரி. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஊசியை வைத்தாள்.

முதலில் ஆர்கன், வெகு தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல் ஊதுகிற மாதிரி ஒரே ஒலி. அதற்கு அடியில் டிரம் வந்து ஐந்தில் நின்றது, பிறகு ஆறாயிற்று, பிறகு ஏழு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போயிற்று. கூடுவது சுமையாகத் தெரியவில்லை, வீட்டுக்கு விருந்தாளி ஒவ்வொருவராக வந்து உட்காருகிற மாதிரி இருந்தது. பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்குப் பிறகு ஒருத்தி பாடினாள். முதல் இரண்டு பக்கத்திலும் பெண் குரலே கிடையாது. பாஷை தெரியவில்லை. முடிந்ததும், இது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் கேட்கிறேன் என்றாள். முதல் தடவை எப்படித் தோன்றிற்று என்று கேட்டேன். காப்பி போட எழுந்திரிக்க வேண்டிய வேலை இல்லை, அதனால் திருப்பினேன் என்றாள்.

செய்தி பரவியதும் தெருவில் யாரும் ஓடிவரவில்லை, வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தார்கள். வெளிநாட்டுச் சாமான், மூன்று பக்கம் வைத்துத்தான் செய்திருப்பான், நமக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வீட்டு செபஸ்தியம்மாள் அன்று இரவு சுட்ட தோசையை இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, கருகியதுதான் மிச்சம். ஆனாலும் ஒரு வாரம் விடாமல் திருப்பினாள். பாயை, தலையணையை, கல்யாணப் பத்திரிகையை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எல்லாம் ஆட்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குடும்பச் சண்டைகளில், உன் பக்கமும் கேட்டாச்சு, அவன் பக்கமும் கேட்டாச்சு, மூணாம் பக்கம் ஒண்ணு இருக்கும்லா, அதைச் சொல்லு என்று பேசுகிற வழக்கம் அப்போது வந்ததுதான், இன்றைக்கும் இருக்கிறது. சாமியார் பிரசங்கத்தில் பிதா, சுதன் என்று தொடங்கி இந்த ரெக்கார்டைத் தொட்டார். பரிசுத்த ஆவியைக் கழுதைப் படத்தோடு சேர்ப்பது முறையா என்று மோத்தா கேட்டதும் அடுத்த வாரம் விட்டுவிட்டார். கேசட் கடைக்காரர் ஒருவர் மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். போட்டுப் பார்த்தால் இரண்டாம் பக்கம் வரைக்கும் பாட்டு இருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் மூச்சு விட்டதும் எமரன்சியாளின் நாற்காலி கிரீச்சிட்டதும்தான் இருந்தன. கேசட்டுக்கு இரண்டு பக்கம்தானே, அது எப்படிப் பிடிக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கோபம் வந்தது. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த கோபத்தையே தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குத் திருப்பினார்கள். மூன்றாம் பக்கம் ஏ பக்கம் இருந்த இடத்தில்தான் வருகிறது, ஆகவே தன் பாகத்தோடு சேர்ந்தது என்றார் பர்னபாஸ். பி பக்கம் முடிந்துதான் அது வருகிறது, ஆகவே தன்னுடையது என்றார் லாசர். பதினொரு வருஷமாக அதைப் பற்றித் தெரியாதிருந்தவர்கள் அது இல்லாமல் வாழவே முடியாதவர்களைப் போலப் பேசினார்கள். எமரன்சியாள் மட்டும் ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்பினாள்: அது நான் திருப்பினது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வலைக் கொட்டகையில் கமிட்டி கூடியது. மோத்தா என்னைக் கூப்பிட்டு, “வே டாலி, எண்ணிச் சொல்லும். அந்தப் பக்கம் எதுக்குப் பின்னால வருது?” என்று கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தேன். முந்தின நாள் எமரன்சியாள் வீட்டில் எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்திருந்தேன். ஏ போட்டு பி போட்டுத் திருப்பினால் வருகிறது. பி போட்டு ஏ போட்டுத் திருப்பினாலும் வருகிறது. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு எத்தனை தடவை திருப்பினாலும் வரவில்லை. இரண்டையும் முழுதாக, ஒரே உட்காரலில் கேட்டால்தான் உண்டு. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றிய இரண்டு பேர் வீட்டிலும் அது ஒருநாளும் வந்திருக்க முடியாது என்பதும், பாகம் இல்லாததால் சத்தியமும் இல்லாதவள் ஒருத்தி கைக்குத்தான் அது வந்திருக்க முடியும் என்பதும் எல்லோருக்கும் மெதுவாக விளங்கியது. அண்ணன் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்கள். மோத்தா மீசையைத் தடவிக்கொண்டு, மூன்றாம் பக்கம் எமரன்சியாளுக்கு, ஏ பர்னபாஸுக்கு, பி லாசருக்கு, பழைய சத்தியம் பழையபடி நிற்கும், தட்டு இனி மூன்று வீட்டிலும் முறைவைத்து இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் திருப்தி. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். பர்னபாஸுக்குக்கூட முகம் தெளிந்துவிட்டது. அது ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை.

எமரன்சியாளுக்குப் புரிந்திருந்தது. பெண்கள் நின்றிருந்த ஓரத்திலிருந்து அவள் முன்னால் வந்தாள்.

“மாமா, எனக்கு மனை குடுத்திய. வழி குடுக்கலையே.”

எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவில் வழி என்ற வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை; ஒரு முழம் சந்துக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த வீடுகள் உண்டு. அடுத்தவர் மனைக்கு நடுவில் ஒரு மனையைக் கொடுத்துவிட்டு, போக வரப் பாதை விடாமல் போனால் அது கொடுத்ததாகுமா. ஏ பக்கத்தையும் பி பக்கத்தையும் அவள் தொடக்கூடாது என்றால் மூன்றாம் பக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேருவாள். மோத்தா தன் தீர்ப்பைத் தானே திருப்பிப் பார்ப்பது போல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, நியாயம்தான், இரண்டு பாகத்தின் வழியாகவும் அவளுக்குப் பாதை உண்டு என்றார்.

லாசர் எழுந்தார். வழி என்றால் நடந்து போகத்தான், நின்று பார்க்க இல்லை. அவள் ஊசியை வைத்துவிட்டுத் தாண்டிப் போகலாம், என் பக்கத்தைக் கேட்கக்கூடாது என்றார்.

“காதைப் பொத்திக்கிட்டுப் போகச் சொல்லுதியாலே உன் தங்கச்சிய?” என்றார் மோத்தா.

கொட்டகை சிரித்தது. லாசரும் பாதி சிரித்துவிட்டார், உடனே அடக்கிக்கொண்டார். பர்னபாஸ் சிரிக்கவில்லை. எங்கள் பாகத்தின் வழியாக அவள் போகும்போது நாங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்வோம், தட்டில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதுவும் நியாயமாகப் பட்டது. பாதை அவளுக்கு, பார்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு என்று முடிந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் தட்டைக் கொண்டுபோனபோது இருவரும் வந்திருந்தார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு கூரைக்குக் கீழே இருவரையும் நான் பார்த்தது அன்றுதான். ஒருவர் ஜன்னல் ஓரம், ஒருவர் கதவோரம், நடுவில் பிளேயர். எமரன்சியாள் யாரையும் வாங்க என்று சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னாள், தண்ணீரும் கொடுத்தாள். பிறகு ஏ பக்கத்தை வைத்தாள்.

பர்னபாஸுக்கு அது மனப்பாடம். விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. கிட்டார் ஏறியது, ஏறியது, வழக்கமான இடத்தில் நின்றது. அவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார். எமரன்சியாள் திருப்பினாள். பி பக்கம் அந்த உயரத்திலிருந்து ஒலியைப் பிடித்துக் கீழே இறக்க ஆரம்பித்ததும் பர்னபாஸ் கூரையிலிருந்து பார்வையை எடுத்தார். கதவோரம் லாசர் முதல் பக்கம் நின்ற இடத்தை இன்னும் உதட்டால் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், தன் பாட்டு எங்கிருந்து கிளம்பி வந்தது என்று இவ்வளவு நாள் கழித்துத் தெரிந்துகொண்டவர் மாதிரி. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பேருடைய காலும் ஒரே கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஏழு, பிறகு பதினொன்று, பிறகு ஏழு. ஒரு இடத்திலும் பிசகவில்லை.

பி பக்கம் முடிந்தது. எமரன்சியாள் ஊசியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பில் பிடித்துத் தூக்கினாள். திருப்பப் போகிறாள் என்று நான் முன்னால் சாய்ந்தேன். அவள் திருப்பவில்லை. அண்ணன்மார் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“உங்க பக்கம் முடிஞ்சுது” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முதலில் விளங்கியது, ஏனென்றால் தீர்ப்பை வார்த்தை வார்த்தையாக நான் நினைவில் வைத்திருந்தேன். அவர்கள் பாகத்தின் வழியாகப் போக அவளுக்குப் பாதை கொடுத்திருந்தார்கள். அவள் பாகத்துக்குள் வர அவர்களுக்குப் பாதை கொடுக்கவில்லை. அண்ணன் தம்பிக்குப் பாதை வேண்டியிருக்கும் என்று அன்று கொட்டகையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லாசர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்படி வரை போனார், அதைத் தாண்டவில்லை. பர்னபாஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பியும் அவரைப் பார்த்தார். யார் கேட்பது என்பது அந்தப் பார்வையில்தான் முடிவாகியிருக்க வேண்டும். மூத்தவர் தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் எதையும் சொல்லிப் பழகியவர், கேட்டுப் பழகாதவர். அதனால் வார்த்தை வர நேரமாயிற்று.

“எமரன்சி, நாங்க இருக்கலாமா?”

தட்டு அவள் கையில் அசையாமல் நின்றது, ஜன்னல் வெளிச்சம் அதன் கோடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. லாசர் வாசல்படியிலேயே நின்றார், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

“இன்னைக்கு இருங்க” என்றாள் எமரன்சியாள், தட்டைத் திருப்பினாள்.